ஒம்பது விளக்கு

சித்தெ நகந்து உக்காருங்க. அந்தப் பைய மடியில வெச்சுக்கங்க, மேல வெச்சா பிரேக் போடறப்ப யார் தலையிலயாச்சும் விழும். லேப்டாப்புங்களா? கம்ப்யூட்டர் வேலையா? அப்பச் சரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். படிச்சவரு, வெளியூருக்காரரு, அக்கட்டயும் சாய மாட்டீங்க இக்கட்டயும் சாய மாட்டீங்க. ஞாயம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. ஆண்டகளூர்கேட்ல நான் எறங்கோணும், அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றன்.

என்ற பேரு ராக்கியண்ணன். இப்ப நான் ஏறுன ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒரு பெரிய கேட்டு, கோழிப் படம் போட்ட போர்டு பாத்தீங்களா, அந்தக் கம்பெனிதான். முட்டை ஏத்துமதி. பதினோரு வருஷம் அங்க நான் சிஸ்டம் இன்சார்ஜ். ஏசி ரூம்பு, சுத்தற சேரு, கதவுல என்ற பேரு. இப்ப எடைமேடையில உக்காந்து லாரி நம்பர் எழுதிக்கிட்டிருக்கறன். எப்படி ஆச்சுங்கறீங்க? ஒரு பொம்பளையால ஆச்சு. வசுமதின்னு பேரு. பேரு மட்டும் நல்ல பேரு.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றன். ஆபீஸ்ல நாப்பத்தொரு கம்ப்யூட்டர். இன்டர்நெட்டுக்கு ஒரே லைன். நடுவுல ஒரு ப்ராக்ஸி சர்வர். எவன் எந்தப் பக்கத்தத் தெறந்தாலும் அது வழியாத்தான் வெளிய போகோணும், அது வழியாத்தான் உள்ள வரோணும். கேட்டு வாட்ச்மேன் மாதிரி வெச்சுக்கங்க. யார் போனா, எத்தன மணிக்குப் போனா, என்னத்தப் பாத்தா, எல்லாம் அதுல பதிவாகும். அத நான்தான் வெச்சேன். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மத்தியானத்துல கிரிக்கெட் பாக்கறான், ரிசப்சன் புள்ள சேலை பாக்குது, எல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், ஆனா எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரியோணும். சர்க்குலர் போடுவேன். பதினோரு வருஷத்துல நூறு சர்க்குலருக்கு மேல போட்டிருப்பேன். ஒருத்தனும் மதிச்சதில்லீங்க, அது வேற கதை.

இந்த வசுமதி டாகுமெண்ட் செக்சன். கண்டெய்னர் கண்டெய்னரா முட்டை கப்பலுக்குப் போகுதில்லீங்க, அதுக்கான காயிதமெல்லாம் துறைமுகத்துக்கு அனுப்பறது அவ வேல. தபால்ல படிச்ச படிப்பு. வந்து ரெண்டு வருஷம் ஆகல. போன ஆவணியில ஒரு நாள், நான் ஒரு வேலையா மத்தியானம் நெட்டை நிறுத்தி வெச்சிருந்தேன். எல்லாரும் கம்முனு இருந்தாங்க. இவ என்ன பண்ணா தெரியுங்களா? அவ செல்போன்ல இருந்து நெட்டை எடுத்து, காயிதத்த அனுப்பிட்டா. ப்ராக்ஸி வழியா போகவே இல்ல. நான் வெச்ச வாசலத் தாண்டிப் போயிட்டா. அதுக்கு மொதலாளி என்ன பண்ணோணும்? கண்டிக்கோணும். அவரு எல்லாரு முன்னாலயும் "சமயத்துக்கு உதவுன அம்மிணி"ன்னு பாராட்டறாரு. நான் அங்கயே நிக்கறன், எவனும் என்னையப் பாக்கல. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, இவ என்ற சேருக்கு அடி போடறான்னு.

சரி, ஆயுத பூசைக்கு வாறன்.

எங்க மொதலாளிக்குப் பூசைன்னா பூசைதான். தராசுல இருந்து லாரி வரைக்கும் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கோணும். ஆனா அணைஞ்சு கெடக்கற கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சா அது நல்லாவாங்க இருக்கு? கண்ண மூடுன சாமி மாதிரி இருக்கும். நான் ஒரு ரோசனை பண்ணேன். சரசுவதி படம், முன்னால ஒரு குத்துவெளக்கு, சுடர் அசையற மாதிரி. ஒரு பக்கமா செஞ்சு என்ற ரூம்பு சர்வர்ல வெச்சேன். சுடருக்குப் பன்னண்டு படம். ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா அந்தப் பன்னண்டையும் மறுபடி கேட்டு வாங்கும். எதுக்குன்னா விளக்கு நின்னுறக் கூடாதில்லீங்க. நாப்பத்தொரு மெஷின்லயும், பிரவுசரைத் தெறந்தா மொதல்ல விளக்குதான் வரோணும்னு வெச்சுட்டேன். மூணு நாள் ராவும் பகலும் உக்காந்து செஞ்ச வேலைங்க அது.

அன்னிக்கு நீங்க பாத்திருக்கோணும். லைட்டையெல்லாம் அணைச்சுட்டு ஹால்ல நின்னா நாப்பத்தொரு விளக்கு எரியுது. மொதலாளி சம்சாரம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "ராக்கியண்ணா, மனசு நெறஞ்சு போச்சு"ன்னாங்க. பூசையில வெச்சத மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, கதவச் சாத்திட்டு எல்லாரும் போயிட்டோம். மறுநாள் வந்து ப்ராக்ஸி பதிவப் பாக்கறன், நிமிஷத்துக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம் இணைப்புக் கேட்டு வந்திருக்குது. மனுசன் ஒருத்தன் இல்லாத ஆபீஸ்ல. எனக்குச் சிலுத்துப் போச்சு. சாமியே வந்து எறங்குன கணக்கா இருந்துச்சு.

விஜயதசமி முடிஞ்சதும் எடுத்தறலாம்னுதான் நெனச்சேன். மனசு வல்லீங்க. பதினோரு வருஷத்துல நான் செஞ்ச ஒண்ண ஒருத்தர் பாத்து மனசு நெறஞ்சுதுன்னது அதுதான் மொதல் தடவ. அது மட்டுமில்ல, எரியற விளக்க அணைக்கலாமுங்களா? அதனால ஒரு சர்க்குலர் போட்டேன். 'விளக்குப் பக்கத்தை எவரும் மூடக் கூடாது. மீறுவோர் பெயர் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.' கீழ என்ற கையெழுத்து.

அதுல இருந்து சரியா நாலாம் நாளு. நெட்டு நின்னு போச்சு. ஒரு பக்கம் வர அஞ்சு நிமிஷம். நம்ம ப்ராக்ஸி நிமிஷத்துக்கு நாலாயிரம் இணைப்புத் தாங்கும், அதுக்கு மேல போனா தொண்டையில சோறு அடைச்ச மாதிரி நிக்கும். அன்னிக்குன்னு பாத்து ஒரு கண்டெய்னருக்குக் காயிதம் போகோணும், சாயங்காலம் நாலு மணிதான் கெடு. திரையில வட்டம் சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. காயிதம் போகல. கப்பல் போயிருச்சு. நாலே முக்கா லட்சம் முட்டைங்க.

மொதலாளி என்னையக் கூப்புட்டாரு. "ராக்கியா, எவன் மெஷின் நெட்ட அடைச்சுதுன்னு நாளைக்கு எனக்குப் பேரு வேணும். பேரு வந்ததும் அவன் வீட்டுக்குப் போயர்லாம்"னாரு. சத்தம் போடல. அவரு சத்தம் போடலீன்னாத்தான் பயம்.

பதிவ எடுத்தேன். மெஷின் மெஷினாப் பாத்துக்கிட்டு வாறன். எல்லாம் இருவது, முப்பது. டாகுமெண்ட் செக்சன் வந்தேன். வசுமதி மெஷின்ல நிமிஷத்துக்கு மூவாயிரத்து எரநூத்தி நாப்பது. ரெண்டு தடவ பாத்தேன். அதேதான். பொய் சொல்லக் கூடாது, எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. தன் வினை தன்னைச் சுடும்னு பெரியவிய சும்மாவா சொன்னாங்க?

நேராப் போயி அவ பின்னால நின்னேன். ஒம்பது கண்டெய்னருக்கு ஒம்பது விண்டோ தெறந்து வெச்சிருக்கறா. ஒவ்வொண்ணுலயும் மொதல்ல விளக்கு, பக்கத்துல அவ வேல. ஒண்ணக்கூட மூடாம வரிசையா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா, தேர்க்கடை மாதிரி. "என்ன நடக்குது இங்க"ன்னேன். முழிக்கறா.

மொதலாளி ரூம்புல விசாரிச்சப்ப, "நான் ஒண்ணும் பண்ணலீங்க, சார் சொன்னபடிதான் வெச்சிருக்கறன்"னா. சார் சொன்னபடியாம். திருட்டுப் பண்ணிப்போட்டு என்ற பேர இழுக்கறா பாருங்க. நான் மேல பேச விடல. பதிவ எடுத்து டேபிள்மேல போட்டேன். எண்ணு பொய் சொல்லுமுங்களா? அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சுது. புருசன் வடநாட்டு லாரில ஓடறான், வந்தா வந்தான் வல்லீன்னா வல்லைன்னு அழுதா. எல்லாருக்கும்தான் கஷ்டம். அதுக்கு நாலே முக்கா லட்சம் முட்டையக் கெடுக்கறதா?

போறதுக்கு முன்னால வழக்கம்போல மெஷின அணைக்கப் போனா. "கைய எடு"ன்னேன். அது சாட்சி இல்லீங்களா. அப்படியே எரியட்டும்னு, வெள்ளைத் துண்டு ஒண்ண எடுத்துத் திரைமேல போத்தி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, 'தொடக் கூடாது'ன்னு எழுதி வெச்சேன். போலீசு வந்தாக்கூட அத்தன சுத்தமாச் செய்ய மாட்டாங்க.

அவ போயிட்டா. மறுநாள் நெட்டு ஓடோணுமில்லீங்க? ஓடல.

பதிவ எடுத்தா, அதே மெஷின். அதே மூவாயிரத்து எரநூத்தி நாப்பது. ராத்திரிக்கும் அதே. ஞாயித்துக்கெழமைக்கும் அதே. மனுசன் தட்டுனா ஒரு நிமிஷம் கூடும், ஒரு நிமிஷம் கொறையும். இது ஒண்ணு கூடவுமில்ல, ஒண்ணு கொறையவுமில்ல. அப்ப எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கோணும் பாத்துக்கங்க. வீட்ல உக்காந்துக்கிட்டே பண்றா. ஏதோ ஒண்ண உள்ள வெச்சுட்டுப் போயிருக்கறா.

என்னங்க சிரிக்கறீங்க? இல்லையா? சரி.

ஒரு வாரம் பாத்தேன். பொறுக்கல. செக்யூரிட்டி ஒருத்தனக் கூட்டிக்கிட்டு அவ ஊருக்கே போயிட்டேன், ஏளூரு. வீட்ல ஆளில்ல. பக்கத்துல ஒரு கோழிப் பண்ணை, அங்க இருக்கறான்னாங்க. போயிப் பாத்தா கூண்டுக்குக் கூண்டு முட்டை பொறுக்கி அட்டையில அடுக்கிக்கிட்டிருக்கறா. தலையெல்லாம் தூசி. அந்தப் பண்ணை முட்டையும் எங்க கம்பெனிக்குத்தான் வருது, அது ஒரு பக்கம். "செல்போனக் குடு"ன்னேன். குடுத்தா. கண்ணாடி ஒடைஞ்ச போனு, நெட்டுக்குக் காசு போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. அதையும் நான் நம்பல. "எப்படிப் பண்றே, மரியாதயாச் சொல்லிப்போடு"ன்னேன்.

அதுக்கு அவ கேக்கறா, "சார், என்ற மெஷின் இன்னும் ஆன்லயா இருக்குது?"

எப்படி இருக்குது பாருங்க. நான் கேட்டதுக்குப் பதிலக் காணோம், என்னைய விசாரிக்கறா. "அது உனக்கெதுக்கு"ன்னு போட்டு வந்துட்டேன். அந்த ஒரு கேள்வியிலயே அவ குட்டு வெளிப்பட்டுப் போச்சுன்னு மொதலாளிகிட்டயும் சொன்னேன்.

பதினோராம் நாளு ரெண்டாவது கண்டெய்னரும் நின்னு போச்சு.

மொதலாளி என்னையக் கேக்கல. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. சேலத்துல இருந்து ஒரு இன்ஜினியரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு, மதிவாணன்னு பேரு. ஷூவக் கழட்டாம என்ற ரூம்புக்குள்ள வந்தான். பதிவப் பாத்தான். பத்து நிமிஷம் ஆகல. "இந்த மெஷின் எங்க இருக்குது?"ன்னான். காட்டுனேன். துண்டு போத்தி இருக்கறதப் பாத்துட்டு, "இது என்னங்க, பொணமா?"ன்னான். பெரிய மனுசன் பேசற பேச்சா அது?

டேப்பப் பிச்சான். துண்ட எடுத்தான்.

ஒம்பது விளக்கும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சுங்க. ஒண்ணுமே ஆகல. பதினோரு நாளு போத்தி வெச்சும் அப்படியே எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. என்னையறியாம கையெடுத்துக் கும்புட்டேன். மொதலாளி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. அவரு விளக்கப் பாக்கல, என்னையப் பாத்தாரு.

"இத யாருங்க வெச்சது?"ன்னு மதிவாணன் கேட்டான்.

"சாமி விளக்குங்க, மூடக் கூடாது"ன்னேன்.

"ஆபீசுக்குள்ளயே இருக்கற படத்துக்கு எதுக்கு ப்ராக்ஸி வழியா போயிட்டு வரோணும்? நேரா வரலாமில்ல?"ங்கறான். ஏனுங்க, எல்லாரும் வாசல் வழியாத்தான் போகோணும்னு நான் வெச்சிருக்கறன். சாமிக்கு ஒரு சட்டம், மனுசனுக்கு ஒரு சட்டமா?

அவன் ஒவ்வொண்ணா மூடுனான். ஒண்ண மூடறான், என்ற திரையில முந்நூத்தி அறுவது கொறையுது. இன்னொண்ண மூடறான், இன்னொரு முந்நூத்தி அறுவது. ஒம்பதாவது விளக்கு போச்சு. ஹால்ல எல்லாரு மெஷின்லயும் பக்கம் வந்துருச்சு. அக்கவுண்ட்ஸ்காரன் கை தட்டறான். நான் சொன்னேன், "விளக்க அணைச்சா கொஞ்சம் கொறையத்தான் செய்யும், அதுக்காக அதுதான் காரணம்னு ஆயிருமுங்களா?"ன்னு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா அவிய செஞ்ச குத்தத்துக்கு என்ற விளக்கு மேல பழி.

அன்னிக்குப் பொழுதோட மொதலாளியே கார் எடுத்துக்கிட்டு ஏளூர் போயி அவளக் கூட்டிக்கிட்டு வந்தாரு. முட்டை வாடையோட வந்து நின்னா. "மத்தவிய மெஷின்ல இருவது முப்பது, உனக்கு மட்டும் எப்படிம்மா மூவாயிரம்?"னு கேட்டாரு. அவ என்ன சொன்னா தெரியுங்களா?

"எல்லாரும் அடுத்த நாளே விளக்க மூடிட்டாங்க. நான் மட்டும் மூடல. மூடக் கூடாதுன்னு சார் சர்க்குலர் போட்டிருந்தாருங்க."

அத்தன பேரும் மூடியிருக்கறாங்க, சந்தனப் பொட்டு காயறதுக்கு முன்னால. நாப்பது பேரு. நூறு சர்க்குலர் போட்டிருக்கறன், பதினோரு வருஷம். ஒரே ஒரு ஆளுதான் கேட்டிருக்குது. கேட்டவ அவ ஒருத்தி.

அப்பறம் வீட்ல போயி யோசிச்சேன். எதுக்குங்க அவ மட்டும் கேட்டா? நாப்பது பேரு மதிக்காதத இவ எதுக்கு மதிச்சா? என்னைய மாட்டி விடத்தான். சொன்னபடி கேட்டே ஒருத்தன ஒழிக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்கறா. அந்தச் சூது எனக்கு வராது.

மொதலாளி என்னைய அனுப்பறதாத்தான் இருந்தாரு. அவளுக்குச் சொன்ன வார்த்த எனக்கும்தானுங்களே, பேரு வந்துட்டா வீட்டுக்குன்னு. ரெண்டாவது பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, நான் என்ன சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள போறது? கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள அவ குரல் கேக்குது. "வேண்டாமுங்க. வேல போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவரு கெடுக்கோணும்னு செய்யல." மொதலாளி வெளிய வந்து சொல்றாரு, "வசுமதி சொன்னதால விடறன். நாளைல இருந்து எடைமேடை. உன் ரூம்பு சாவிய அவகிட்டக் குடுத்துரு."

கல்லால அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும். அவ சொல்லி எனக்கு வேல. இப்ப நான் திங்கற சோறு அவ போட்ட சோறு. இதுக்கு மேல ஒருத்தன என்ன பண்ணோணும்?

என்ன கேட்டீங்க? நான் அவகிட்ட ஒரு வார்த்த சொன்னனான்னா? எதுக்குச் சொல்லோணும்? சாவிய டேபிள்மேல வெச்சுட்டு வந்தேன். அவ்வளவுதான்.

இன்னும் கேளுங்க, முடியல. போன வெள்ளிக்கெழம எடைமேடைக்கு வந்தா. அங்க ஒரு பழைய மெஷின் இருக்குது. "நெட்டு வருதான்னு பாக்கோணுங்க சார்"னா. இன்னும் சார்னுதான் கூப்புடறா, அது ஒரு நடிப்பு. உக்காந்து என்னத்தையோ தட்டுனா. பிரவுசரைத் தெறந்தா. விளக்கு வந்துச்சுங்க. என்ற விளக்கு. அதே சரசுவதி, அதே குத்துவெளக்கு.

"பன்னண்டு படம் இல்லீங்க சார், ஒண்ணே ஒண்ணுதான். ஒருக்கா வந்துட்டா மறுபடி கேக்காது. அசையாது, ஆனா யாருக்கும் எடைஞ்சல் இல்ல. நீங்க எத்தன நாள் வேணும்னாலும் எரிய விடலாமுங்க"ன்னா. கன்னத்துல போட்டுக்கிட்டா. போயிட்டா.

நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வெளிய ஒரு லாரிக்காரன் ஆரன் அடிக்கறான், எந்திரிக்கல. நல்லாத்தான் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. சுடரு அசையலீன்னாலும் வெளிச்சம் மூஞ்சில பட்டுச்சு. அப்பறம் யார் வெச்சதுன்னு ஞாபகம் வந்துச்சு.

மேல ஓரத்துல பெருக்கல் குறி இருக்குமில்லீங்க. அதுல வெச்சு ஒரு அமுக்கு. மூடிட்டேன்.

ஆண்டகளூர்கேட் வந்துருச்சு. சித்தெ கால நகத்துங்க, எறங்கோணும்.